ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி

(வாசகர் கேள்வி – பதில் பகுதி. மாடுலர் சிந்தசைசர் பற்றிப் புதுச்சேரி, கடலூர் வட்டாரங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.)

கேள்வி: மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். ஆரோவில்லில் ஒரு சிறு நிகழ்ச்சியில், மரப்பெட்டி நிறையத் திருகுகளும் வயர்களுமாக இருந்த ஒரு கருவியை ஒருவர் இயக்கிக்கொண்டிருந்தார். அதில் கட்டைகளே இல்லை. அது என்ன கருவி? என் கீபோர்டிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
– ஒரு வாசகர், லாஸ்பேட்டை

பதில்: நீங்கள் பார்த்தது மாடுலர் சிந்தசைசர். உங்கள் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் வயலினோ புல்லாங்குழலோ ஆயத்தமாக வந்து நிற்கும். அந்த ஒலியைத் தயாரிக்கும் வேலை முழுவதையும் தயாரிப்பாளர் உள்ளேயே முடித்துப் பூட்டி வைத்திருக்கிறார். மாடுலரில் அவ்வேலைகள் தனித்தனி மாட்யூல்களாகப் பிரிந்து கிடக்கின்றன. ஆஸிலேட்டர் ஒலியலையை உண்டாக்கும். ஃபில்ட்டர் அதிலுள்ள மேற்சுரங்களைச் செதுக்கும். என்வலப் என்னும் மாட்யூல், ஒலி எவ்வளவு விரைவில் எழுந்து எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்பதை வகுக்கும். விசிஏ அதன்படி ஒலியைக் கூட்டிக் குறைக்கும். இவற்றை எந்த வரிசையில் இணைப்பது என்பதைக் கேபிள் செருகுபவரே தீர்மானிக்கிறார். செருகாவிட்டால் பெரும்பாலான பெட்டிகள் மௌனமாகவே இருக்கும்.

மாட்யூலுக்கு மாட்யூல் கட்டளையாகச் செல்வது மின்னழுத்தம். அமெரிக்காவின் ராபர்ட் மூக், இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து 1964-இல் முன்மாதிரி ஒன்றைக் கட்டினார். அவருடைய கருவிகளின் வழியே நிலைபெற்ற கணக்கு, மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி (ஒரு ஷட்ஜத்திலிருந்து அடுத்த ஷட்ஜம் வரை) ஏறும் என்பதாகும். ஏறக்குறைய அதே காலத்தில் கலிபோர்னியாவில் டான் புக்லா கட்டிய கருவியில், பியானோக் கட்டைகளை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, விரல் பட்டால் வேலை செய்யும் தகடுகளைப் பொருத்தினார். நீங்கள் பார்த்த கட்டையில்லாப் பெட்டிக்கு அவர்தான் மூதாதை. இன்று பரவலாக இருப்பது யூரோராக் என்னும் அளவுமுறை. ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1990-களின் நடுவில் தொடங்கிவைத்த இம்முறையில் எல்லா மாட்யூல்களுக்கும் உயரம் 128.5 மில்லிமீட்டர் என்பதால், நாலைந்து பேர் மட்டும் வேலை பார்க்கும் சிறு பட்டறைகளின் தயாரிப்புகளையும் ஒரே பெட்டியில் பக்கம் பக்கமாக முடுக்கிக்கொள்ளலாம்.

இதை முற்றிலும் அயல்நாட்டுச் சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-லேயே மூக் சிந்தசைசர் ஒன்று வந்து இறங்கியது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அந்த ஒலிக்கூடத்தை அமைத்துக் கொடுத்தார். 1972 வரை அங்கே இந்தியர்கள் பதிவு செய்த ஒலிநாடாக்கள் அரை நூற்றாண்டு கழித்து, 2023-இல்தான் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. தேடிக் கேளுங்கள்.

கேள்வி: நான் வீணை கற்றுக்கொடுப்பவள். என் மாணவன் ஒருவன், சுருதிப்பெட்டிக்குப் பதிலாக இந்தக் கருவியை வைத்துக்கொள்ளலாம் என்கிறான். நாளடைவில் ராகமும் வாசிக்கலாமாம். பன்னிரண்டு சுரங்களுக்குள் அடைபட்ட மின்கருவியில் சுத்தமான சுருதியும் கமகமும் எப்படி வரும்?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தங்கள் ஐயம் கீபோர்டுக்குப் பொருந்தும், மாடுலர் ஆஸிலேட்டருக்குப் பொருந்தாது. ஆஸிலேட்டருக்குச் சுரம் என்று எதுவும் தெரியாது. வருகின்ற மின்னழுத்தம் எவ்வளவோ அதற்கேற்ற சுருதியில் அது ஒலிக்கும். மின்னழுத்தம் வழுக்கிச் சென்றால் சுருதியும் உடன் வழுக்கும். பன்னிரண்டு என்ற வேலியைப் போடுவது கட்டைப் பலகையும், மின்னழுத்தத்தைச் சுரஸ்தானங்களில் மட்டும் நிறுத்தும் குவாண்டைசர் என்னும் மாட்யூலுமே. அவ்விரண்டையும் வாங்காமல் விட்டால் வேலியும் இல்லை.

கணக்கைப் பார்க்கலாம். ஸ்தாயியைச் சமமாகப் பன்னிரண்டாகப் பிரித்தால், ஒரு சுரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 83 மில்லிவோல்ட். ஷட்ஜத்தோடு பஞ்சமம் 3:2 என்ற விகிதத்தில் சேர 585 மில்லிவோல்ட் தேவை. குவாண்டைசர் கொடுப்பதோ 583. ஷட்ஜத்தையும் இந்தப் பஞ்சமத்தையும் சேர்த்து நீட்டி ஒலிக்கவிட்டால் மட்டுமே ஒரு மெல்லிய அலையாக அக்குறை தெரியும். அந்தர காந்தாரத்தில் நிலைமை வேறு. 5:4 விகிதத்துக்கு 322 மில்லிவோல்ட் போதும் என்றிருக்க, குவாண்டைசர் 333-இல் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஒரு சுரஸ்தான இடைவெளியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடுதல். வீணை வாசிப்பவரின் காது இதைப் பொறுத்துக்கொள்ளாது. ஆகவே மாணவரிடம், திரையில் தெரியும் டியூனரை மூடிவிட்டு, தம்புராவின் பிரடையைத் திருகுவது போலவே காதை வைத்துத் திருகைத் திருப்பச் சொல்லுங்கள். ஒன்றரைக் கட்டையோ ஐந்தரைக் கட்டையோ, கருவிக்கு எல்லாம் ஒன்றே.

சுருதிக்காக மூன்று ஆஸிலேட்டர்கள் இருந்தால் வசதி: மந்திர ஷட்ஜம், பஞ்சமம், மத்திய ஷட்ஜம். மேற்சுரங்கள் நிறைந்த ரம்பப்பல் அலையைத் தேர்ந்தெடுத்து, ஃபில்ட்டரின் ஒத்ததிர்வை (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை ஓங்கச் செய்யும் திறனை) ஊளையிடும் நிலைக்குச் சற்றுக் கீழே வரை ஏற்றிக்கொள்ள வேண்டும். முதலில் மந்திர ஷட்ஜத்தை மட்டும் அனுப்பி, ஃபில்ட்டரின் திருகை மிக மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள். அடிச்சுரத்தின் இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் மேல் ஷட்ஜம் துலங்கும். மூன்று மடங்கில் பஞ்சமம். நான்கில் மறுபடியும் ஷட்ஜம். ஐந்தில், யாரும் மீட்டாமலே, காந்தாரம். தம்புராவின் மந்திரத் தந்தியில் கேட்கும் அதே சுயம்பு காந்தாரம்தான் இது. ஒரு மாணவருக்கு மேற்சுரங்களை இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்ட வேறு எளிய வழியை நான் அறியேன். இந்த ஒரு பயனுக்காகவே இசைப் பள்ளிகள் சிறு பெட்டி ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

கமகம் கடினமானது, ஆனால் முடியாதது இல்லை. எல்எஃப்ஓ எனும் மெதுவான அலையைச் சுருதியில் செலுத்தினால் கம்பிதம் போன்ற ஓர் அசைவு உடனே கிடைத்துவிடும். தொடக்கக்காரர்கள் பலரும் அதிலேயே மயங்கி நின்றுவிடுகிறார்கள். தோடியின் காந்தாரம் ஒரே வேகத்தில், ஒரே அகலத்தில் ஆடுவதில்லை என்பது தங்களுக்குத் தெரியும். கையால் தள்ளும் ஜாய்ஸ்டிக்கோ விரலால் தேய்க்கும் ரிப்பன் பட்டையோ இருந்தால்தான் அசைவு கைக்குக் கட்டுப்படும். அதன் வீச்சை ஓர் அட்டெனுவேட்டர் வழியே இரண்டு அல்லது மூன்று சுரஸ்தானங்களுக்குள் சுருக்கிக்கொண்டு, மெட்டில் தந்தியை இழுக்கிற பழக்கத்தைக் கட்டைவிரலுக்குக் கற்பிக்க வேண்டும். வீணை பயின்றவருக்கு இது விரைவில் கைவரும். என் கருத்தைக் கேட்டால், சுரவரிசையைத் தானே வாசிக்கும் சீக்வென்சரில் வர்ணத்தை ஏற்றி ஓடவிடுவது வீண் உழைப்பு. நீண்டு நின்று மெல்ல நகரும் ஆலாபனைக்கே இக்கருவி ஏற்றது.

கேள்வி: சிறு பட்டறை ஒன்றில் செய்த யூரோராக் பெட்டியை ஆசையாக வாங்கினேன். இப்போது சில ஜாக்குகளில் கரகரப்பு. ஒரு மாட்யூல் கேபிள் செருகினால் வேலை செய்கிறது, எடுத்துவிட்டால் ஒலி விட்டு விட்டு வருகிறது. போதாக்குறைக்கு மாலையில் சுருதி நழுவுகிறது. வீடு கடலை ஒட்டி இருக்கிறது.
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: முதல் இரண்டுக்கும் காரணம் உப்புக்காற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூன்றாவதுக்குக் காரணம் வெப்பம்.

ஜாக்கின் உள்ளே ஒரு மெல்லிய உலோக நாக்கு இருக்கிறது. கேபிள் செருகாத நேரத்தில் அந்த நாக்கு பக்கத்துத் தகட்டைத் தொட்டுக்கொண்டு, தயாரிப்பாளர் உள்ளே அமைத்த இணைப்பைக் காத்துவரும்; பிளக் நுழைந்ததும் விலகிக்கொள்ளும். கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்து அந்தத் தொடும் இடத்தில் மெல்லிய படலமாகப் படியும்போது, கேபிள் செருகினால் சரியாகவும் எடுத்தால் விட்டுவிட்டும் வரும் இந்த விசித்திரமான கோளாறு தோன்றும். பெட்டியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை ஒரு வெற்று பிளக்கின் மேல் சிறிதளவு அடித்து, அந்த பிளக்கை ஜாக்கில் பலமுறை செருகி எடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். வண்டிச் சங்கிலிக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயைப் பயன்படுத்த வேண்டாம். அதில் தூசி ஒட்டிக்கொள்ளும். பிறகு, மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, அவை ஈரம் குடித்ததும் மாற்றிவாருங்கள். வாசிக்காமல் பூட்டி வைக்கும் கருவிதான் இங்கே சீக்கிரம் கெடுகிறது.

சுருதி நழுவுவதற்கு வருவோம். அனலாக் ஆஸிலேட்டரில் வோல்ட்டை ஸ்தாயியாக மாற்றித் தருவது ஒரு ஜோடி டிரான்சிஸ்டர்கள். அவற்றின் இயல்பு, கெல்வினில் அளக்கும் தனி வெப்பநிலையைப் பொறுத்தது. 27 டிகிரி செல்சியஸ் என்பது 300 கெல்வின் ஆதலால், ஒரு டிகிரி மாறினால் முந்நூற்றில் ஒரு பங்கு பிழை நேரும். ஈடுகட்டும் ஏற்பாடு இல்லாத ஆஸிலேட்டரில், ஐந்து டிகிரி மாற்றம் மூன்று ஸ்தாயி தள்ளியுள்ள சுரத்தை அரைச் சுரஸ்தானத்துக்கும் மேலாக நகர்த்திவிடும். நல்ல பட்டறைகள் அந்த டிரான்சிஸ்டர்களை ஒட்டியே வெப்பத்துக்கேற்ப மாறும் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துப் பிழையைப் பெருமளவு ஈடுகட்டுகின்றன. இருந்தாலும், பெட்டியை இயக்கி அரை மணி நேரம் கழித்தே சுருதி சேருங்கள். மின்விசிறிக் காற்றும், ஏசிக் காற்றும், நாலு மணிக்குக் கடலிலிருந்து வீசும் காற்றும் நேராகப் படாத இடத்தில் வையுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் தரையிலிருந்து உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலைப் பார்த்தவருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ஸ்கூட்டர் வாங்க வைத்திருக்கும் பணத்தை இந்தக் கருவிக்குக் கொடுங்கள் என்று மகன் பிடிவாதம் பிடிக்கிறான். ஒரு பொத்தானும் திருகும் உள்ள சிறு தகடு இருநூறு, முந்நூறு டாலர் என்கிறான். வாங்கித் தரலாமா?
– ஒரு தகப்பனார், முத்தியால்பேட்டை

பதில்: இப்போது வேண்டாம், ஐயா. விசிவி ராக் என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. யூரோராக் பெட்டியையே கணினித் திரையில் விரித்து, கேபிள் செருகிப் பழக அது உதவும். ஓர் ஆஸிலேட்டர், ஒரு ஃபில்ட்டர், ஒரு என்வலப், ஒரு விசிஏ, ஓர் எல்எஃப்ஓ ஆகிய ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு பழகச் சொல்லுங்கள். சில மாதங்களுக்குப் பிறகும் அந்த ஐந்தோடு அவர் உட்கார்ந்திருந்தால், அதே ஐந்தை வாங்கித் தரலாம். நாள்தோறும் புதுப்புது மாட்யூலைத் திரையில் சேர்த்துக்கொண்டே போனால், வாங்கித் தந்த பிறகும் அதைத்தான் செய்வார். அப்போது செலவாவது உங்கள் பணமாக இருக்கும்.

விலையைப் பற்றி ஒரு சொல். வெளிநாட்டு இணையதளத்தில் காட்டும் தொகையோடு அனுப்பும் செலவும், சுங்க வரியும், ஜிஎஸ்டியும் சேரும். பழுதானால் திருப்பி அனுப்பும் செலவும் பெரும்பாலும் நம் தலையில்தான். பெட்டிக்கு மின்சாரம் தரும் பகுதியில் சிக்கனம் பார்க்க வேண்டாம். எல்லா மாட்யூல்களின் தேவையையும் மில்லியாம்பியரில் கூட்டி, அதற்கு மேல் கால் பங்காவது தாங்கும் பவர் சப்ளையை வாங்குங்கள். மாட்யூலின் பின்னால் செருகும் ரிப்பன் கேபிளில் ஓரமாக ஓடும் சிவப்புக் கோடு கழித்தல் 12 வோல்ட் பக்கம். அதைத் திருப்பிச் செருகினால், பாதுகாப்பு இல்லாத மாட்யூல் அப்பொழுதே புகைந்துவிடும்.

பையனுக்குச் சாலிடரிங் வைப்பதில் ஆர்வம் இருந்தால் இன்னொரு வழி உண்டு. சென்னை ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் சிடி 40106 என்னும் சில்லு ஒன்றில், ஒரு ரெசிஸ்டரும் ஒரு கபாசிட்டரும் சேர்த்தாலே ஆஸிலேட்டர் ஆகிவிடும் லாஜிக் வாயில்கள் ஆறு உள்ளன. ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும். வோல்ட்டுக்கு ஸ்தாயி என்ற ஒழுங்கெல்லாம் அதில் இராது. ஆனால் மின்சாரம் ஒலியாவதை அவர் கையாலேயே அறிந்துகொள்வார். பாரிஸைச் சேர்ந்த மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2022-இல் கடையை மூடிவிட்டபோதும், அதன் சுற்று வரைபடங்கள் எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றன. கை தேறிய பிறகு அவற்றையும் கட்டிப் பார்க்கலாம்.

கேள்வி: மைக் செட் வைத்திருக்கிறேன். திருவிழா மேடையில் ஒருவர் இந்தக் கருவியை நேராக மிக்சரில் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், வில்லியனூர்

பதில்: நேராகக் கொடுக்காதீர்கள். மாடுலரின் ஒலி உச்சிக்கு உச்சி 10 வோல்ட் வரை இருக்கும். மிக்சர் எதிர்பார்ப்பது அதில் ஒரு சிறு பங்கு. அவரிடம் அவுட்புட் மாட்யூல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒலியை வெகுவாகக் குறைத்த பிறகே, மைக் வழியில் அன்றி லைன் வழியில் வாங்குங்கள். ஹெட்போனுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அங்கே கெடுவது காது.

கேள்வி: நேற்று அருமையான ஒலி ஒன்று அமைந்தது. தம்பி கேபிள்களை எல்லாம் பிடுங்கி அடுக்கி வைத்துவிட்டான். சேமித்து வைக்க வழியே இல்லையா?
– ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: அனலாக் பெட்டியில் நினைவகம் கிடையாது. மின்சாரம் போனால் ஒன்றும் கெடாது, திருகுகளும் கேபிள்களும் வைத்த இடத்திலேயே இருக்கும். தம்பி வந்தால்தான் ஆபத்து. கைப்பேசியில் மேலிருந்து ஒரு படமும், கேபிள்கள் மறைக்கும் திருகுகளைப் பக்கவாட்டிலிருந்து இன்னொரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஜாக்கிலிருந்து எந்த ஜாக்குக்கு என்பதைத் தாளில் எழுதுங்கள். பிடித்த ஒலி கிடைத்தவுடன், இன்னும் மெருகேற்றலாம் என்று கை வைப்பதற்கு முன், அதைப் பத்து நிமிடமாவது பதிவு செய்துவிடுங்கள். படத்தைப் பார்த்து எல்லாவற்றையும் அப்படியே செருகினாலும், ஒரு திருகு மயிரிழை விலகினால் போதும், வேறு ஒலிதான் வரும்.