மொட்டை மாடி ஜங்ஷன்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஓடும் குட்டி ரயிலின் படம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த கடிதங்களில் பாதி, "விலை என்ன சார்?" என்ற ஒரே வரிதான். அவற்றை ஒதுக்கிவிட்டு மீதியில் சிலவற்றை எடுத்திருக்கிறேன். விலை கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம், இறக்குமதி வரி எவ்வளவு என்று கீழே வருகிறது, படித்தால் கேள்வியை நீங்களே வாபஸ் வாங்கிவிடுவீர்கள்.

கே: பேரனுக்காக (எனக்காகவும்தான்) வீட்டில் ரயில் லேஅவுட் போட ஆசை. பத்துக்குப் பத்து அறை, அதில் ஒரு கட்டிலும் பீரோவும் இருக்கிறது. எட்டுக்கு நாலு ப்ளைவுட் ஒன்று வாங்கிப் போட்டால் போதுமா? எச்.ஓ. ஸ்கேல் நல்லதா, 'என்' ஸ்கேல் நல்லதா?
– பெரம்பூர் வாசகர்

ப: அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் நிஜக் காரணம். சரி, தப்பில்லை.

எட்டுக்கு நாலை அந்த அறையில் போட்டால் நீங்கள் பக்கவாட்டில் நண்டு மாதிரிதான் நடக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் வளைவு. எச்.ஓ. என்றால் 87ல் ஒரு பங்கு. உங்கள் ஊர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பயணிகள் பெட்டி 21.3 மீட்டர் நீளம், எச்.ஓ.வில் அது 24 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் பழகிய கணக்கு. அதாவது 73 செ.மீ., ஏறக்குறைய 29 அங்குலம். நாலடி அகலப் பலகையில் 22 அங்குல ஆரத்துக்கு மேல் திருப்ப முடியாது. பெட்டி ஓடும், ஆனால் வளைவில் அதன் வயிறு உள்ளே தள்ளி, முனை வெளியே நீட்டிக்கொண்டு, கூட்டமான 29சி பஸ்ஸில் படியில் தொங்குகிறவர் மாதிரி இருக்கும். பெட்டிகளைக் கோக்கும் கப்ளர் பக்கவாட்டில் இழுத்தால் தடம் புரளவும் செய்யும்.

'என்' ஸ்கேல் 160ல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் வெறும் 9 மில்லிமீட்டர். அதே பெட்டி 13 செ.மீ.தான், 16 அங்குல ஆரம் போதும், மூன்றடி அகலத்தில் முடிந்துவிடும். கணக்குப்படி அதுதான் உங்கள் அறைக்குப் பொருத்தம். ஆனால் பேரனின் வயதை எழுதவில்லையே! எட்டு வயதுக்குக் கீழ் என்றால் 'என்' வேண்டவே வேண்டாம், அந்தச் சக்கரத்தைத் தண்டவாளத்தில் உட்கார வைக்க எனக்கே மூக்குக் கண்ணாடியும் பொறுமையும் தேவைப்படுகிறது. அப்படியானால் எச்.ஓ.வே எடுங்கள், நீளப் பெட்டி ஆசையை மட்டும் தள்ளிப்போடுங்கள். சின்ன டேங்க் எஞ்சின் (தண்ணீரைத் தன் மேலேயே சுமக்கும் நீராவி எஞ்சின்) ஒன்று, நாலு சக்கர வேகன் ஐந்தாறு. இவை 18 அங்குல வளைவில் சமர்த்தாகத் திரும்பும். பலகையை ஆறரை அடிக்கு மூன்றரை அடியாக வெட்டி, அடியில் சக்கரம் வைத்து, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடலாம். கட்டிலுக்கு அடியில் இருக்கும் ஊறுகாய் ஜாடிகளை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்காதீர்கள்.

கே: நியூஜெர்சியிலிருந்து மைத்துனர் ஒரு ரயில் செட் கொண்டுவந்து கொடுத்தார். பிளக் முள் நம் பாயின்டில் பொருந்தவில்லை. கன்வர்ட்டர் பின் வாங்கிச் செருகலாமா?
– தி.நகர் வாசகர்

ப: இதைப் படிக்கும்வரை செருகாமல் இருந்தால் பிழைத்தீர்கள். அந்தப் பின் முள்ளின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. தண்டவாளத்துக்குக் கரண்டு கொடுக்கும் கன்ட்ரோலரின் அடியில் 'இன்புட்' என்று போட்டிருப்பதைப் படியுங்கள். 100 முதல் 240 வரை என்று இருந்தால் கவலையில்லை. 120 மட்டும் என்றால் நம்முடைய 230 வோல்ட் அதைச் சில நொடியில் கருக்கிவிடும், அந்த வாடை இரண்டு நாள் ஹாலை விட்டுப் போகாது (அனுபவம்). ரிச்சி தெருவில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கும், கன்ட்ரோலரின் வாட்ஸைச் சொல்லி அதைவிடக் கூடுதலாகத் தாங்குவதாக வாங்குங்கள்.

கே: மூன்று மாதம் நன்றாக ஓடிய எஞ்சின் இப்போது இரண்டடி ஓடுகிறது, விக்குகிறது, நின்றுவிடுகிறது. விரலால் தட்டினால் மறுபடி கிளம்புகிறது. மோட்டார் போய்விட்டதா?
– பெசன்ட் நகர் வாசகி

ப: உங்கள் முகவரியைப் பார்த்ததுமே பாதி பதில் தெரிந்துவிட்டது. பால்கனியில் நின்றால் கடல் தெரியுமா? தெரிந்தால் அதன் உப்புக்காற்று உங்கள் தண்டவாளத்துக்கும் தெரியும்.

முதலில் எஞ்சினைத் துண்டு மேல் கவிழ்த்துப் போட்டு, கன்ட்ரோலரிலிருந்து வரும் இரண்டு ஒயரையும் இரு பக்கச் சக்கரத்திலும் தொட்டுப் பாருங்கள். மோட்டார் தடங்கலில்லாமல் சுற்றினால் எஞ்சின் மேல் பழி போடாதீர்கள், கோளாறு தண்டவாளத்தில். நாம் வாங்கும் தண்டவாளம் பெரும்பாலும் நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம். பித்தளையை விட மெதுவாகத்தான் கறுக்கும், ஆனால் கறுக்கும். 12 வோல்ட் மின்சாரம் முழுக்க, சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் கடுகளவு இடத்தில்தான் ஏற வேண்டும். நடுவில் மெல்லிய அழுக்குப் படலம் இருந்தாலும் விக்கல்தான். உப்புக்காற்றோடு நம் வீட்டுப் பங்களிப்பும் உண்டு: தாளிப்புப் புகை, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, மின்விசிறி சுழற்றி இறக்கும் தூசி.

மருந்துக் கடையில் ஐசோபுரப்பைல் ஆல்கஹால் வாங்கி, பனியன் துணியில் நனைத்து, தண்டவாளத்தின் மேல்பக்கத்தைத் துடையுங்கள். துணியில் வரும் கறுப்பைப் பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும். அதோடு நிறுத்தினால் பாதி வேலைதான், சக்கரத்தில் இருக்கும் கறுப்பு ஐந்தே சுற்றில் மறுபடி தண்டவாளத்துக்கு வந்துவிடும். ஒரு டிஷ்யூ தாளை நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே போடுங்கள். எஞ்சினின் முன் சக்கரங்கள் தாளிலும் பின் சக்கரங்கள் தண்டவாளத்திலும் இருக்கும்படி கையால் பிடித்துக்கொண்டு, கரண்டைக் கொடுங்கள். முன் சக்கரம் அங்கேயே சுழன்று, தாளில் மை தீட்டியது போல இரண்டு கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரைக்கும் தாளை மாற்றி மாற்றிச் செய்யுங்கள், அப்புறம் எஞ்சினைத் திருப்பி வைத்துப் பின் சக்கரத்துக்கும்.

உப்புத்தாள் மட்டும் வேண்டாம். தொடக்கத்தில் நான் அவசரப்பட்டுத் தேய்த்தேன், பளபளவென்று ஆனது, பத்து நாளில் முன்பை விட மோசம். கண்ணுக்குத் தெரியாத கீறலெல்லாம் அழுக்குக்கு வாய்க்காலாகிவிட்டது. அந்த மூன்று கஜத் தண்டவாளத்தை இன்றைக்கும் ஓரமாக ஒரு சைடிங்கில்தான் வைத்திருக்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு குறிப்பிட்ட ஒரே இடத்தில் மட்டும் நின்றால், அங்கே இரண்டு துண்டுகளைச் சேர்க்கும் ஜாயினர் துருவேறிக் கரண்டை விடாமல் இருக்கும். அதை நம்பாமல் மூன்றடிக்கு ஒரு இடத்தில் அடியிலிருந்து ஒயர் சால்டர் செய்துவிடுங்கள். எல்லாத் துண்டையும் ஒன்றோடொன்று சால்டர் வைத்து ஒட்டாதீர்கள். ஒரு கஜத் துண்டு 20 டிகிரி சூடேறினால் 0.3 மி.மீ. நீளும். பத்துத் துண்டுக்கு 3 மி.மீ., மே மாத மாடி அறையில் அது பாம்பாக நெளிந்து நிற்கும்.

கே: நான் ஓய்வுபெற்ற டிரைவர். பீச் – தாம்பரம் மீட்டர் கேஜில் யாம்-1 மின்சார எஞ்சின் ஓட்டியிருக்கிறேன், அப்புறம் பிராட் கேஜில் டபிள்யூ.டி.எம்.-2 டீசல். இந்த இரண்டும் மாடலாகக் கிடைக்குமா? ஜெர்மன் எஞ்சினெல்லாம் எனக்கு வேண்டாம்.
– தாம்பரம் வாசகர்

ப: ஐயா, வணக்கம். நிஜ எஞ்சினை ஓட்டியவருக்கு நான் பதில் சொல்வது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

டபிள்யூ.டி.எம்.-2 சுலபம். அதன் பூர்வீகம் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி, 1962ல் முதல் எஞ்சின்கள் அங்கிருந்துதான் கப்பலேறி வந்தன. அதனால் ஆல்கோ ஆறு அச்சு டீசலின் எச்.ஓ. மாடல் ஒன்றின் சேசிஸை (மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிப்பாகம்) எடுத்து, மேலே முப்பரிமாண அச்சில் எடுத்த நம்மூர் பாடியைப் பொருத்துகிறார்கள். போகியில் (பெட்டியைச் சொல்லவில்லை, எஞ்சினுக்கு அடியில் அச்சுகளைத் தாங்கும் சட்டம்) மூன்று அச்சுகளுக்கும் நடுவே இடைவெளி சமமாக இருக்காது என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியுமே. வாங்கும்போது அதைப் பாருங்கள், இடைவெளி சமமாக இருந்தால் வேறு எதன் மேலோ பாடியைக் கவிழ்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு குறையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் பிராட் கேஜ் 1,676 மி.மீ., 87ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ., உலகத்து ஸ்டாண்டர்டு கேஜான 1,435க்கு ஏற்றது. ஆகவே நம்மூர் எஞ்சின் முன்னாலிருந்து பார்த்தால் கால் ஒடுங்கித் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது, நான் பக்கவாட்டில்தான் பார்க்கிறேன்.

யாம்-1 தான் சிரமம். 1960களில் ஜப்பானிலிருந்து வந்த அந்த எஞ்சினை ரெடிமேடாக நான் எங்கும் பார்த்ததில்லை. கையால்தான் செய்ய வேண்டும். ஆனால் அளவு வாகாக வருகிறது: 1,000 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 11.5, மாடல் உலகில் மீட்டர் கேஜுக்கு 12 மி.மீ. தண்டவாளம் தனியாகவே விற்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ரேஷியன் ரயில்வே மீட்டர் கேஜ், அதன் மாடல்களை பெமோ என்ற கம்பெனி செய்கிறது. அதில் யாம்-1 போலவே போகிக்கு இரண்டு அச்சு வைத்த மின்சார எஞ்சின் உண்டு. அந்தச் சேசிஸின் மேல் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டிப் பாடி கட்டலாம், அச்சு இடைவெளி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஜெர்மன் எஞ்சின் வேண்டாம் என்றீர்கள், சுவிஸ் எஞ்சினின் முதுகில் தாம்பரம் ஏறிக்கொள்வதில் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன். டிரைவர் கேபின் உள்ளே என்னென்ன இருந்தது என்று நினைவிருக்கும்போதே வரைந்து வையுங்கள், படத்தில் கிடைக்காத விவரம் அது.

வரி விஷயம்: பொம்மைகளுக்கான சுங்க வரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023ல் 70. அளவு சுருக்கிய மாடல்களும் அதே தலைப்பில்தான் வருகின்றன. வெளிநாட்டு விலையைப் பார்த்துவிட்டு ஆர்டர் போட்டு, கூரியர்காரர் நீட்டும் ரசீதில் மயங்கி விழாதீர்கள்.

கே: என்னிடம் 22 எஞ்சின்கள் இருக்கின்றன. ஒன்றைக்கூடத் தண்டவாளத்தில் வைத்ததில்லை, எல்லாம் பெட்டியிலேயே புதிதாக இருக்கின்றன. பின்னால் நல்ல விலை போகுமா?
– வேளச்சேரி வாசகர்

ப: பெட்டியிலேயே புதிதாக இருக்கின்றன என்று எப்படித் தெரியும்? கடைசியாக எப்போது திறந்தீர்கள்?

நான் ஒரு நீராவி எஞ்சினை ஆறு வருஷம் இரும்பு பீரோவில் பத்திரப்படுத்தினேன். திறந்தால், அதைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்ச் நைந்து, பழைய அல்வா மாதிரி பிசுபிசுத்து, பாய்லரின் பச்சைப் பெயின்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. தெரியாமல் கரண்டைக் கொடுத்தேன், 'டிக்' என்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கியர் பிளந்துவிட்டது. இன்னொரு நோய் இருக்கிறது, ஜிங்க் பெஸ்ட் என்பார்கள். வார்ப்புத் துத்தநாகத்தில் ஈயம் போன்ற கலப்படம் இருந்தால் வருஷம் போகப் போக அது உப்பி, வெடித்து, பிஸ்கட் போல உதிரும். ஈரக்காற்று அதை வேகப்படுத்தும். மருந்து கிடையாது.

ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு அமிலமில்லாத டிஷ்யூவில் சுற்றுங்கள், சிலிக்கா ஜெல் பை ஒன்று போடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஓட்டிய எஞ்சினுக்கு விலை குறையும்தான். ஓடாத எஞ்சினை வாங்குகிறவர் வீட்டுக்குப் போய்ப் பிளக்கைச் செருகினால் உங்களுக்குத்தான் போன் வரும்.

கே: டிசிசி என்ற டிஜிட்டல் கன்ட்ரோல் போட்டேன். இரண்டாவது எஞ்சின் வாங்கியதும், ஒன்றை நகர்த்தினால் இரண்டும் சேர்ந்து நகர்கின்றன. பேய் பிடித்துவிட்டதா?
– அண்ணா நகர் வாசகர்

ப: பேயில்லை, இரண்டுக்கும் ஒரே பெயர். டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ் இருக்கும், எந்த எஞ்சின் என்ன செய்ய வேண்டும் என்பதை எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். எஞ்சினுக்குள் இருந்து அந்தக் கட்டளையைப் படிக்கும் டீகோடர் புதிதாக வாங்கினால், எல்லாமே 3 என்ற எண்ணோடுதான் கடையிலிருந்து வரும். இரண்டாவதை மட்டும் புரோகிராமிங் டிராக்கில் (எண் மாற்றுவதற்கென்று தனியாக வைக்கும் தண்டவாளம்) வைத்து வேறு எண் கொடுங்கள். முதலாவதையும் அதே டிராக்கில் நிறுத்திவிட்டு எண்ணை மாற்றினால் இரண்டும் சேர்ந்தே மாறிவிடும், நான் செய்திருக்கிறேன்.

கே: வீட்டுக்காரர் ஹாலில் தண்டவாளம் போட்டு மூன்று வாரமாகிறது. டீப்பாய் போட இடமில்லை. எப்போது எடுப்பார்?
– மடிப்பாக்கம் வாசகி

ப: எடுக்க மாட்டார் அம்மா. மாடியில் அறை கட்டிக் கொடுத்தால் இடம் மாற்றுவார், எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.