முட்டைப் பெட்டிக்குள் எத்தனை டிகிரி? பாம்பு வளர்ப்போர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், முட்டைகளை அளவான சூட்டில் வைத்துப் பொரிக்கும் பெட்டியான இன்குபேட்டர் பற்றியவை. கோடையில் பால் பைத்தான்கள் (ball python, பந்துபோல் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) முட்டையிட்டு முடித்திருக்கும். அதே நேரத்தில் வெயிலும் மின்வெட்டும் சேர்ந்து வந்திருக்கும்.

பால் பைத்தான் ஆறு முட்டை போட்டிருக்கிறது. ஆன்லைனில் வாங்கிய கோழிமுட்டை இன்குபேட்டரில் வைக்கலாமா? (கோவை)

வைக்கலாம், ஆனால் முதலில் முட்டையைத் திருப்பிவிடும் மோட்டாரைக் கழற்றி வீசுங்கள். கோழிமுட்டையை அடிக்கடி திருப்ப வேண்டும். பாம்பு முட்டையைத் திருப்பினால் கரு செத்துப்போகும். முட்டையிட்ட சில மணி நேரத்திலேயே கரு மேல்பக்கமாக நிலைகொள்ளத் தொடங்கிவிடும். அதனால் எடுக்கும் முன்பே ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். பேனா வேண்டாம். முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்காமல் கொத்தாக அப்படியே வையுங்கள்.

அடுத்தது சூடு. அந்தப் பெட்டி கோழிக்காக 37.5 டிகிரியில் வைத்து வரும். பால் பைத்தானுக்குத் தேவை 31 முதல் 32 வரை. மாற்றாமல் விட்டால் முட்டை அவிந்துவிடும்.

உள்ளே சுற்றும் ஃபேன் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் முட்டைகளைத் திறந்த தட்டில் வைக்காதீர்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) நிரப்பி அதில் வையுங்கள். மாடித்தோட்டப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். எடைக்கு எடை தண்ணீர் சேர்த்துப் பிசைந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்குங்கள். உருண்டை பிடிக்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. டப்பாவின் உள்சுவரில் பனி படிந்தாற்போல் ஈரம் தெரிந்தால் சரி. முட்டையின் தலையிலேயே நீர் சொட்டினால் அதிகம். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று மாற்றினால் போதும். தினமும் எட்டிப் பார்க்க வேண்டாம். 55 முதல் 60 நாளில் குட்டிகள் வரும்.

இன்குபேட்டர் திரையில் 31.5 என்கிறது. உள்ளே வைத்த இன்னொரு தெர்மாமீட்டர் 33.8 என்கிறது. எதை நம்புவது? (சென்னை)

சோதிக்கும் வரை இரண்டையும் நம்பாதீர்கள். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்குமே, அதையும், உள்ளே வைத்த தெர்மாமீட்டரின் நீர் புகாத ப்ரோபையும் (சூட்டை உணரும் முனை) 36, 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ப்ரோப் எத்தனை புள்ளி கூடுதலாகக் காட்டுகிறதோ, அதைக் கழித்துப் படியுங்கள்; குறைவாகக் காட்டினால் கூட்டிப் படியுங்கள்.

அதைவிட முக்கியம், ப்ரோப் எங்கே இருக்கிறது என்பது. பெட்டியின் மூடியில் ஒட்டிய ப்ரோப் மூடியின் சூட்டைத்தான் சொல்லும். நமக்கு வேண்டியது முட்டைக்குப் பக்கத்துச் சூடு. முட்டை டப்பாவுக்குள், முட்டையின் நடு உயரத்தில், அதைத் தொடாமல் ப்ரோப் நிற்கட்டும். வளர்ப்புக் கூண்டிலும் இதே கதைதான்: பாம்பின் வயிறு படும் இடத்தில் அளக்காமல் கண்ணாடிச் சுவரில் அளந்துவிட்டு, "32தான் இருந்தது, எப்படிச் சுட்டது?" என்று கேட்பவர்கள் நிறைய.

உங்கள் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது: அறையில் பகலில் 35 டிகிரி. பிரச்சினையே அங்கேதான். ஹீட்டரைப் போட்டு அணைக்கும் கருவியான சாதாரண தெர்மோஸ்டாட்டுக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. ஹீட்டர் அணைந்தே கிடந்தாலும் பெட்டி அறையின் சூட்டுக்கு ஏறிவிடும். மே மாதத்தில் இன்குபேட்டரை ஏ.சி. ஓடும் அறைக்கு மாற்றி, அறையை 26 அளவில் வையுங்கள். அப்போதுதான் தெர்மோஸ்டாட்டுக்கு வேலை இருக்கும். பெட்டிக்குள் காலியாக இருக்கும் இடத்தில் தண்ணீர் பாட்டில்களை அடுக்குங்கள். சூடு மெல்ல ஏறி மெல்ல இறங்க அவை உதவும்.

மின்சாரம் போனால் பதறித் திறக்காதீர்கள். சில மணி நேரம் 27, 28க்கு இறங்கினால் பொரிப்பது சற்றுத் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான். 35, 36க்கு ஏறினால்தான் முதுகெலும்பு கோணிய குட்டிகளும் முட்டைக்குள்ளேயே செத்த குட்டிகளும் வரும். குளிரைவிடச் சூடு பொல்லாதது.

சூட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் பெண் குட்டிகள் அதிகம் வருமாமே?

வராது. அது முதலைக்கும் பல ஆமைகளுக்கும் உள்ள வழக்கம். வடநெம்மேலி முதலைப் பண்ணையில் நடந்த ஆய்வுகளில், சதுப்புநில முதலையின் முட்டைகளை 31 டிகிரி வரை வைத்தால் பெண்ணும், 32.5 அளவில் வைத்தால் பெரும்பாலும் ஆணும் வருவது தெரிந்தது. பாம்புக்கு ஆணா பெண்ணா என்பதைக் குரோமோசோம் முன்பே முடிவு செய்துவிடுகிறது. பால் பைத்தானில் பனானா மார்ஃப் (மரபணுவால் வரும் நிற வகை) ஆண்கள் சிலவற்றுக்குப் பிறக்கும் பனானா குட்டிகளில் ஏறக்குறைய எல்லாமே ஆணாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மரபணு பாலினக் குரோமோசோமிலேயே உட்கார்ந்திருப்பதுதான் காரணம்.

ஜோடி சேர்க்கக் குளிர் காட்ட வேண்டும் என்கிறார்கள். ஏ.சி.யை 18ல் வைக்கலாமா? (மதுரை)

வேண்டாம் சாமி! பால் பைத்தானின் ஊர் கானா, டோகோ, பெனின் பக்கம். அங்கே குளிர்காலம் என்றால் இரவு சற்று இதமாக இருக்கும், அவ்வளவே. இரவில் 24, 25 டிகிரிக்கு இறங்கவிட்டு, பகலில் கூண்டின் ஒரு மூலையில் வழக்கமான 31, 32 இருக்கும்படி ஆறேழு வாரம் வைத்தால் போதும். கார்த்திகை முதல் தை வரை உங்கள் ஊர் வானிலையே இதைச் செய்துகொடுத்துவிடும். குளிரும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்தால் நெஞ்சுச்சளி பிடிக்கும். மூக்கில் நுரை, மூச்சில் விசில், வாயைப் பிளந்து தலையைத் தூக்கி வைப்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் குளிர் காட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

குளிரைவிடப் பெண்ணின் உடம்புதான் முக்கியம். 1,500 கிராமுக்குக் கீழே இருக்கும் பெண்ணை நான் சேர்ப்பதில்லை. கருமுட்டை வளரும்போது பெண் பாம்பு குளிர்ந்த பக்கத்தைத் தேடிப் போகும், சில சமயம் வயிறு மேலாகப் புரண்டு படுத்திருக்கும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும், ஆனால் நல்ல அறிகுறி. பிறகு ஒருநாள் நடு உடம்பு திடீரென்று வீங்கித் தணியும். அதன்பின் ஒருமுறை சட்டை உரிக்கும். அந்த நாளைக் காலண்டரில் குறியுங்கள், ஏறக்குறைய ஒரு மாதத்தில் முட்டை.

எங்கள் வீட்டு பேஸ்மென்ட் குளிர்காலத்தில் 12 டிகிரி. கார்ன் ஸ்நேக் ஜோடியை அங்கே வைக்கலாமா? (டொராண்டோ)

உங்களுக்கு அதிர்ஷ்டம்! சென்னையில் இருப்பவர்கள் இதற்காக ஒயின் கூலர் வாங்குகிறார்கள். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிப் பாம்பு என்பதால் கார்ன் ஸ்நேக் 10 முதல் 13 டிகிரியில் எட்டுப் பத்து வாரம் உறங்கி எழும். அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தீனியை நிறுத்திவிடுங்கள். வயிற்றில் எலியோடு குளிரில் போட்டால் செரிக்காமல் உள்ளேயே அழுகும். தண்ணீர் கிண்ணம் எப்போதும் இருக்கட்டும், அவ்வப்போது எடை போடுங்கள். மெலிந்த பாம்பை உறங்க வைக்காதீர்கள். வெளியே எடுக்கும்போது ஒரு வாரத்தில் படிப்படியாகச் சூடேற்றுங்கள். முட்டை வந்தபின் 26 முதல் 29 டிகிரி போதும் என்பதால், பால் பைத்தான் முட்டையோடு ஒரே பெட்டியில் வைக்க முடியாது.

தாயே சுருண்டு அடைகாக்கிறதே, அப்படியே விட்டுவிட்டால் என்ன?

விடலாம். பைத்தான் உடம்பைச் சிலிர்த்துச் சூடு உண்டாக்குவதை 1841ல் பாரிஸிலேயே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது நம் நாட்டு மலைப்பாம்பு வகையின் திறமை. பால் பைத்தான் அப்படி அதிர்ந்து சூடேற்றாது. ஈரம் போகாமல் காப்பதுதான் அதன் முக்கிய வேலை. கூண்டில் 30, 31 டிகிரியும் நல்ல ஈரமும் இருந்தால் தாராளமாக விடுங்கள். இரண்டு மாதம் பெரும்பாலும் சாப்பிடாது, அதற்கேற்ற உடம்பு இருக்க வேண்டும். முட்டையை எடுத்துவிட்டால் தாயை வெதுவெதுப்பான நீரில் கழுவி, கூண்டையும் துடைத்து முட்டை வாசம் போக்குங்கள். இல்லையென்றால் இல்லாத முட்டையையே அடைகாத்துக்கொண்டு பட்டினி கிடக்கும்.

ஸ்பைடர் மார்ஃப் குட்டி தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. இன்குபேட்டர் சூடு காரணமா?

இல்லை, அது மரபணுவோடு வரும் கோளாறு. எந்த டிகிரியில் வைத்தாலும் வரும். அந்த மார்ஃபை இனப்பெருக்கம் செய்யாமல் இருப்பதே என் யோசனை.

ஒரு குட்டி முட்டையைக் கிழித்து மூக்கை நீட்டிவிட்டு நேற்றிலிருந்து அப்படியே இருக்கிறது. கத்தரியால் வெட்டி எடுக்கட்டுமா?

கத்தரியைக் கீழே வையுங்கள். மஞ்சள் கருவை உறிஞ்சி முடிக்க ஒன்றிரண்டு நாள் ஆகும், அதுவாக வரும். கடைசி வாரங்களில் முட்டை குழிவதும் இயல்புதான்; முதல் வாரத்திலேயே குழிந்தால்தான் ஈரம் போதவில்லை என்று பொருள். பூஞ்சை பிடித்த முட்டை என்றால் ஒளி அடித்துப் பாருங்கள், ரத்தநாளம் தெரிந்தால் விட்டு வையுங்கள். மஞ்சளாக, கல் மாதிரி சிறுத்திருந்தால் கூமுட்டை.

மண்ணுளிப் பாம்பு ஒன்று கிடைத்தது. ஜோடி சேர்க்க எத்தனை டிகிரி வேண்டும்?

வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு போன் வேண்டும். மண்ணுளி, சாரை, நல்லபாம்பு, மலைப்பாம்பு எல்லாம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். பால் பைத்தான் வைத்திருப்பவர்களும் ஒன்றைக் கவனியுங்கள்: 2022 திருத்தத்துக்குப் பிறகு அதை வைத்திருப்பதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், குட்டி பிறந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். முட்டை பொரிந்த பிறகு ஓடாமல், ஜோடி சேர்க்கும் முன்பே தாய் தந்தையின் பதிவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.