பட்டாளத்துக் காயம், பூசையறை, டாக்டர்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் வீட்டுக்காரர் 1999-ல் கார்கிலில் இருந்தவர். பென்ஷனில் வந்து இத்தனை வருஷம் ஆகியும் நடுராத்திரி அலறிக்கொண்டு எழுகிறார். எங்கே போனாலும் சுவரில் சாய்ந்து வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். 'காத்துகருப்பு, மந்திரிச்சா சரியாயிடும்' என்கிறார் மாமியார். கூட்டிப் போகலாமா?
– வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: விபூதி பூசி, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புகிறவரிடம் போய் வாருங்கள், கெடுதல் இல்லை. பிடித்து அமுக்கி, உடுக்கையடித்து, சாட்டையை எடுக்கிற இடம் வேண்டவே வேண்டாம். நீங்கள் சொல்வது பி.டி.எஸ்.டி. என்கிற, போர்முனை மனசில் விட்டுப்போகும் காயம்போலத் தெரிகிறது: தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்ட பயம்தான் அவர் உடம்பில் தங்கியிருக்கிறது. அதையே இன்னொரு முறை நடத்தினால் நோய் முற்றும், கூட்டிப்போன உங்கள் மேலும் நம்பிக்கை போய்விடும்.

2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்கா பக்கம் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். பிறகு அங்கே தர்காவிலேயே துவாவோடு மனநல மருந்தும் தர ஏற்பாடு வந்தது. திருச்சி பக்கம் குணசீலம் கோயிலிலும் பூசையும் மருத்துவமும் சேர்ந்தே நடக்கின்றன. ஆகவே கோயிலா டாக்டரா என்று மாமியாரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டையோடு அதன் பாலிகிளினிக் போய் மனநல மருத்துவருக்கு ரெஃபரல் கேளுங்கள். அதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை தடவை எழுந்தார், எந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டார், எவ்வளவு குடித்தார். 'தூக்கமில்லை' என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். இந்த நோய்க்கு அது மருந்தல்ல. இதற்கு டாக்டர் தரும் செர்ட்ரலின் போன்ற மாத்திரை வேலை செய்ய நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பத்தாம் நாளே 'ஒண்ணும் கேக்கலை' என்று நிறுத்திவிடுவதால்தான் பலருக்கு மருந்தே பலிப்பதில்லை.

ராத்திரி அலறும்போது தொட்டு உலுக்காதீர்கள், கை ஓங்கிவிடுவார். விளக்கைப் போட்டு, கால்மாட்டில் எட்டி நின்று, 'என்னங்க, நான்தான். நம்ம வீட்லதான் இருக்கோம்' என்று மெதுவாகச் சொல்லுங்கள்.

கேள்வி: தியான வகுப்பில் சேர்ந்தேன். கண்ணை மூடினாலே பழைய காட்சிதான் வருகிறது. எனக்குப் பக்தி போதவில்லையா?
– ஓய்வுபெற்ற நாயக், தேனி மாவட்டம்

பதில்: பக்தியில் குறையில்லை. இருட்டும் நிசப்தமும் அசையாத உடம்பும் சேர்ந்தால், சென்ட்ரி நின்று பழகிய மனசு இன்னும் உஷாராகிறது. பத்து நாள் மௌன முகாமெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். பாதம் தரையில் பட உட்கார்ந்து, கண்ணைத் திறந்து, விளக்குச் சுடரை மூன்று நிமிடம் பாருங்கள், போதும்.

நாமஜபம் உங்களுக்கு இன்னும் தோதாக இருக்கும். அமெரிக்காவில் 173 முன்னாள் படைவீரர்களிடம் இதைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். வாரம் ஒன்றாக எட்டு அமர்வில் ஜபம் கற்றவர்களுக்கு, அன்றாடப் பிரச்சினைகளை மட்டும் பேசிய சிகிச்சைக் குழுவைவிட அறிகுறிகளும் தூக்கமின்மையும் அதிகம் குறைந்தன. சின்னதாக ஒரு நாமம் எடுத்துக்கொண்டு மாற்றாமல் வைத்திருங்கள். மனசு அமைதியாக இருக்கும்போதே பழகுங்கள்: நடக்கையில், பஸ்ஸுக்கு நிற்கையில், படுக்கும் முன். கோபம் தலைக்கேறிய பிறகு முதல் தடவையாகத் தேடினால் வாயில் வராது. 1008 என்று கணக்கு வேண்டாம். விட்டுப்போன நாளில் அதுவே புதுக் குற்றவுணர்வாகிவிடும்.

கேள்வி: இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் 1988-ல் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். வீடு சோதனை போடும்போது ஒரு கிழவி என்னிடம் தமிழில்தான் கெஞ்சினார். பிறகு நடந்ததை எழுத முடியவில்லை. ராமேசுவரத்தில் மூன்று தடவை பரிகாரம் செய்தும் ஆறவில்லை.
– ஓய்வுபெற்ற ஹவில்தார், மெட்ராஸ் ரெஜிமெண்ட்

பதில்: ஐயா, உங்களை வாட்டுவது பயம் அல்ல, குற்றவுணர்வு. பயத்துக்கான சிகிச்சை மட்டும் இதற்குப் போதாது. 'ஆர்டர்தானே, உங்க தப்பில்லை' என்பதும் 'சாமி மன்னிச்சிடும்' என்பதும் ஆறுதல்போல இருந்தாலும் உங்கள் வாயைத்தான் அடைக்கின்றன. பரிகாரம் பலிக்காததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்: எதற்காகச் செய்கிறீர்கள் என்பதை யாரிடமும் சொல்லாமலே செய்திருப்பீர்கள்.

பட்டாளத்தில் ஜே.சி.ஓ. (இளநிலை அதிகாரி) தரத்தில் பண்டிட், மௌல்வி, பாதிரியார் இருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை மந்திர் பரேடு இருந்தது. பென்ஷனில் வந்தவருக்கு அந்த ஆளை யாரும் தருவதில்லை, நீங்கள்தான் தேட வேண்டும். முதலில் மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். முழுவதையும் சொன்ன பிறகு சில நாள் கனவு கூடும், அப்போது துணை வேண்டும். பிறகு குருக்களோ ஃபாதரோ இமாமோ ஒருவரிடம் ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை அவர் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும், உடனே பரிகாரம் சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கத்தோலிக்க ஒப்புரவில் (பாவசங்கீர்த்தனத்தில்) ஃபாதர் கேட்டதை வெளியே சொல்லக் கூடாதென்று சபைச் சட்டமே உண்டு. மற்றவர்களிடம் வெளியே சொல்வதில்லை என்று வாய்விட்டு உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சடங்கு அதற்குப் பிறகு. மகாளய பட்சத் தர்ப்பணத்தில் காருண்ய பித்ருக்களுக்கும் எள்ளும் நீரும் உண்டு, ரத்த உறவுக்கு மட்டுமல்ல. அந்த அம்மாவை நினைத்து எள்ளும் நீரும் விடலாமா என்று உங்கள் வாத்தியாரிடம் கேளுங்கள். கிறிஸ்தவர்கள் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் இறந்தவருக்காகப் பூசைக் கருத்து கொடுக்கலாம், இஸ்லாமியர் தவ்பாவும் (பாவமன்னிப்புக் கோருவது) சதகாவும் (தர்மம்) செய்யலாம். இதோடு, தொடர்ந்து செய்கிற ஓர் உதவியும் ஈடாக வேண்டும். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை மாதாமாதம், கையைக் கடிக்காத தொகையாக ஏற்கலாம். நிலத்தை விற்றெல்லாம் கொடுக்காதீர்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்தைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்பதும் கூடாது. உங்கள் பாரம் இறங்கும், அவர்கள் புண் கிளறும்.

கேள்வி: தினமும் கேன்டீன் ரம் குடிக்கிற அப்பா, கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு அன்றைக்கே நிறுத்துகிறேன் என்கிறார். நல்லதுதானே?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: நிறுத்துவது நல்லது, அன்றைக்கே நிறுத்துவதுதான் ஆபத்து. பல வருஷமாகத் தினமும் குடிப்பவருக்கு நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நாலாம் நாளுக்குள் நடுக்கம், ஜுரம், இல்லாத உருவம் தெரிவது எல்லாம் சேர்ந்து வந்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் 'சாமி வந்திருக்கு' என்று கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மாலைக்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் போய், தயமினும் (வைட்டமின் பி1) நடுக்கத்துக்கான மாத்திரையும் வாங்கி, அவர் மேற்பார்வையில் நிறுத்தட்டும். உடம்பு தேறும்வரை பச்சைத்தண்ணீர்க் குளியலுக்கும் ஒருவேளைச் சாப்பாட்டுக்கும் குருசாமியிடம் விலக்குக் கேளுங்கள். மாலை கழற்றுகிற அன்று ராத்திரி அவரைத் தனியே விடாதீர்கள், பாட்டில் திரும்ப வருவது பெரும்பாலும் அன்றைக்குத்தான்.

கேள்வி: பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற அண்ணன் இப்போது வங்கியில் கன்மேன். கொஞ்ச நாளாக 'சாமிகிட்டயே போயிடுறேன்' என்கிறார். விரக்தியா, பக்தியா?
– வாசகி, மதுரை

பதில்: ஆராய்ச்சி வேண்டாம், நேராகவே கேளுங்கள்: 'செத்துடலாம்னு நினைக்கிறீங்களாண்ணே?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். சொந்தத் துப்பாக்கி என்றால் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், வங்கியுடையது என்றால் மேலாளரிடம் சொல்லி வேறு ட்யூட்டி கேளுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-ல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அவசரமென்றால் எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்த்துவிட்டு, 48 மணி நேரத்துக்குள் இ.சி.எச்.எஸ்.-க்குத் தகவல் போய்ச் சேரும்படி பாருங்கள்.