ஓய்வுக்குப் பின் அதே கம்பெனியில் வேலை: பி.எஃப். கேட்கலாமா?

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் 31 வருடம் வேலை பார்த்தேன். 58 வயதில் ஓய்வு கொடுத்து, மறுநாளே 'கன்சல்டன்ட்' என்று அதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாதம் 22,000 ரூபாய். 26 மாதமாகியும் பி.எஃப். பிடிக்கவில்லை. பழைய பி.எஃப். பணத்தை எடுத்துவிட்டேன். நான் தொழில் கற்றுக்கொடுத்த பையன் இன்று மேனேஜர், மதிப்பதே இல்லை. வழக்குப் போட்டால் பென்ஷன் நின்றுவிடுமா?

பதில்: பென்ஷன் நிற்காது. 58 முடிந்தவர் வேலை பார்த்துக்கொண்டே இ.பி.எஸ். (பி.எஃப். உடன் இணைந்த ஊழியர் பென்ஷன் திட்டம்) பென்ஷன் வாங்கலாம். மேனேஜர் விவகாரத்தை மனுவில் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

'பணத்தை எடுத்துவிட்டேன்' என்கிறீர்களே, எல்லாம் அதில்தான் இருக்கிறது. படிவம் 31-ல் அட்வான்ஸ் மட்டும் எடுத்து, கணக்கில் பாக்கி இருந்தால் நீங்கள் இன்னும் உறுப்பினர். சம்பளம் பி.எஃப். வரம்பான 15,000-ஐத் தாண்டிவிட்டது என்று கம்பெனி கைகழுவ முடியாது. படிவம் 19-ல் ஓய்வைக் காரணம் காட்டி மொத்தத்தையும் எடுத்திருந்தால், 1952-ம் ஆண்டுத் திட்டத்தின் பாரா 2(எஃப்)-படி நீங்கள் 'விலக்கப்பட்ட ஊழியர்', அதாவது கம்பெனி பி.எஃப். பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர். புகார் நிற்காது.

அதைவிடச் சிக்கல், ஓய்வு என்று போடாமல் 'வேலையை விட்டுவிட்டேன், இப்போது வேலை இல்லை' என்று எழுதி முழுப் பணத்தையும் எடுத்தவர்களுக்கு. விலக்கு நமக்குப் பொருந்தாது என்று தைரியமாகப் புகார் கொடுப்பார்கள். விசாரணையில், வேலையை விட்டதாக எழுதிய நாளுக்கு மறுநாளே வேலைக்கு வந்ததைக் காட்டும் வருகைப் பதிவேட்டைக் கம்பெனி நீட்டும். பொய் உறுதிமொழி கொடுத்தது யார் என்ற கேள்வி அவர்கள் பக்கமே திரும்பிவிடும். நீங்களும் அப்படி எடுத்திருந்தால் மனுவை எழுதவே எழுதாதீர்கள்.

கணக்கில் பாக்கி இருந்தாலும் உடனே புகாருக்குப் போக வேண்டாம். 15,000-க்கு 12 சதவீதம் 1,800. 26 மாதத்துக்குக் கம்பெனி பங்கு 46,800. இதற்காக மாதம் 22,000 வரும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகலாம். பேசி முடியுங்கள். அதற்கு முன் பஞ்சிங் பதிவு, லீவு சீட்டு, அடையாள அட்டை எல்லாவற்றையும் நகல் எடுத்துவிடுங்கள். வேலைநேரமும் மேற்பார்வையும் பழையபடியே இருந்தால் 'கன்சல்டன்ட்' என்ற பெயர் கம்பெனியைக் காப்பாற்றாது. புகார் போன பிறகு கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள்.

அடுத்த மாதத்திலிருந்து பி.எஃப். கட்டச் சொல்லுங்கள். இதுவரை கட்டாமல் விட்ட பாக்கியும் உங்கள் யு.ஏ.என்.-ல்தான் (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்) ஏற வேண்டும். வவுச்சரில் ரொக்கம் வாங்கினால் அது பி.எஃப். ஆகாது. பி.எஃப். ஓடும்வரை அதனுடன் சேர்ந்த இ.டி.எல்.ஐ. என்ற ஆயுள் காப்பீடும் ஓடும். பணியில் இருக்கும்போது உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும். என்னைக் கேட்டால், அந்த 46,800-ஐவிட இதுதான் பெரிது.

முதல் மாதப் பாஸ்புக்கைக் கட்டாயம் பாருங்கள். 58-க்குப் பின் கம்பெனியின் 12 சதவீதமும் முழுதாகப் பி.எஃப். கணக்குக்கே வரவேண்டும். பழக்கதோஷத்தில் அக்கவுண்ட்ஸில் கம்பெனி பங்கிலிருந்து 1,250-ஐப் பென்ஷன் பக்கம் அனுப்பியிருந்தால் அப்போதே திருத்தச் சொல்லுங்கள். விட்டால் கடைசியில் பணம் எடுக்கும்போது கிளெய்ம் அங்கேதான் சிக்கும்.