தெய்வம் என்று சொல்லாதீர்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 42. சென்ற ஆண்டு தை மாதம் கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டது. ஹாட்ஜ்கின் லிம்போமா என்றார்கள், நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய். பன்னிரண்டு கீமோ, அதன்பின் கதிர்வீச்சு. போன மாதம் எடுத்த ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. இந்த ஓராண்டில் என்னைத் தூக்கி நிறுத்தியவர்கள் என் நண்பர்கள்தான். அவர்கள் மனிதர்கள் அல்ல, தெய்வங்கள். ஒருவர் வீட்டிலிருந்து ஆறு மாதமும் சாப்பாடு வந்தது. இன்னொருவர் கேட்காமலேயே ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தார். நன்றி சொல்லப் போனால் எல்லோரும் திட்டுகிறார்கள். இந்தக் கடனை எப்படித் தீர்ப்பது? பள்ளியில் கூடப் படித்த ஒருவன் மட்டும் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. ‘கேட்டினும் உண்டோர் உறுதி’ என்ற குறளின் பொருள் இப்போதுதான் புரிந்தது. இந்த அனுபவங்களை நூலாக எழுதலாமா?

ஒரு வாசகர்,
திருச்சி

*

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்கேன் சுத்தம் என்ற வரியை இரண்டு முறை படித்தேன். நன்றாக இருங்கள். வெயிலில் அலையாதீர்கள், அடுத்த பரிசோதனைத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் கடிதம் மூன்று பக்கம். சுருக்கித்தான் இங்கே கொடுத்திருக்கிறேன். அதில் ‘தெய்வம்’ என்ற சொல் ஒன்பது இடங்களில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். அந்தச் சொல்லைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதற்கு முன் மற்றவற்றை முடித்துவிடுகிறேன்.

ஒன்றரை லட்சத்தைத் திருப்பிக் கொடுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் மாதம் ஐயாயிரமாகக் கொடுங்கள். வேண்டாம் என்பார், கொடுங்கள். நூலைப் பற்றி அடுத்த ஆண்டு பேசலாம். வராத நண்பரைப் பொறுத்தவரை, ‘கிளைஞரை நீட்டி அளப்பதோர் கோல்’ என்று, கேட்டை நண்பர்களை அளக்கும் கோலாகச் சொல்லும் அந்தக் குறள் நோயிலிருந்து எழுந்தவர் கையில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் உங்களுக்கு நண்பர் என்றால் நேரில் போய், ஏன் வரவில்லை என்று கேளுங்கள். கேட்க மனமில்லை என்றால் என்னிடமும் அவரைப் பற்றிக் குறை சொல்லாதீர்கள்.

இனி அந்தச் சாப்பாடு. ‘ஒருவர் வீட்டிலிருந்து ஆறு மாதமும் சாப்பாடு வந்தது.’ மூன்று பக்கத்தில் அதைப் பற்றி இருப்பது இந்த ஒரு வரிதான். கீமோ நாட்களில் என்ன சாப்பாடு என்பது உங்களுக்குத் தெரியும். கிருமியை எதிர்க்கும் வெள்ளணு இறங்கியிருக்கும். பச்சைக் காய் கூடாது, கடைத் தயிர் கூடாது, காலையில் செய்தது இரவுக்கு ஆகாது. வாய்ப்புண் வந்த வாரத்தில் காரமும் புளிப்பும் கூடாது, எல்லாம் குழைய வேக வேண்டும். அப்படியென்றால் அந்த வீட்டில் ஆறு மாதம் தினமும் இரண்டு சமையல் நடந்திருக்கிறது. சமைத்தது யார்? நண்பரின் மனைவியா, அம்மாவா? காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார்? அவருக்குக் காய்ச்சல் வந்த நாளில் என்ன செய்தார்? டிபன் காரியரை யார், எந்த பஸ்ஸில் கொண்டுவந்தார்கள்? சாப்பாடு தானாக வராது ஐயா. அந்தப் பெண் உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. ஒன்பது தெய்வங்களில் ஒன்றாகக்கூட இல்லை. படித்துக்கொண்டு வந்தபோது எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

கோபம் உங்கள்மேல் மட்டும் அல்ல. இதே பிழையை நான் பன்னிரண்டு ஆண்டுகள் செய்திருக்கிறேன்.

2010-ல் எனக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. சென்னையில் சிகிச்சை. முதல் சுற்று மருந்திலேயே, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) எட்டாயிரத்துக்கு இறங்கிவிட்டன. ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியவை. பல் துலக்கினால் வாய் நிறைய ரத்தம். சிவப்பணுவைக் குளிர்பெட்டியில் ஒரு மாதத்துக்கு மேலும் வைத்திருக்கலாம். தட்டணு ஐந்து நாள்தான் தாங்கும், அதையும் அறை வெப்பத்தில், ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும் தட்டில் வைத்துக் காக்க வேண்டும். ஆகவே கொடுப்பதற்கு ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும். விழுப்புரத்தில் வங்கி வேலையில் இருந்த என் கல்லூரி நண்பன் அந்த ஒரு மாதத்தில் நான்கு முறை வந்தான். முழு ரத்தம் கொடுத்தால் ஆண்கள் அடுத்த முறைக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், தட்டணு மட்டும் என்றால் இரண்டு நாள் இடைவெளி போதும் என்று அவனே விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தான். வைக்கோல் நிறத்தில் ஒரு பை என் தலைமாட்டில் தொங்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிழைத்தேன். போன இடமெல்லாம் அவனைப் பற்றிப் பேசினேன். எனக்கு ரத்தம் கொடுத்த தெய்வம் என்றேன். ஆம், நீங்கள் எழுதிய அதே சொல். அவன் மகள் திருமணத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு பந்தியைக் கவனிக்கப் போய்விட்டான். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

2022-ல் என் அக்கா மகன் ஒரு நோயாளிக்குத் தட்டணு கொடுக்கப் போனான். ரத்தப் புற்றுநோய் வந்தவர்கள் ரத்தம் கொடுக்க முடியாது, ஆகவே நான் துணைக்குப் போனேன். அந்த இயந்திரத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். கையிலிருந்து ரத்தம் உள்ளே போய்ச் சுழல்கிறது, தட்டணு பிரிந்து பையில் இறங்குகிறது, மீதி உடம்புக்கே திரும்புகிறது. ஒன்றரை மணி நேரம் கையை அசைக்கக்கூடாது. அரை மணி ஆகியிருக்கும். “மாமா, உதடு மரத்துப்போகிறது” என்றான். செவிலி வந்து வேகத்தைக் குறைத்து, கால்சியம் மாத்திரை கொடுத்தார். ரத்தம் உறையாமல் இருக்க சிட்ரேட் சேர்க்கிறார்கள், அது ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், உதடும் விரல்நுனியும் மரப்பது பலருக்கும் வருவதுதான் என்றார்.

அன்றிரவு விழுப்புரத்துக்கு ஃபோன் செய்தேன். “உனக்கும் உதடு மரத்ததா?”

சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, “இதை ஏன் இப்போது கேட்கிறாய்?” என்றான்.

முதல் தடவையே மரத்திருக்கிறது. உதடு, பிறகு நாக்கு. அவன் அப்பா பக்கவாதத்தில் ஏழு ஆண்டுகள் படுக்கையில் கிடந்தவர். அவருக்கும் வாயில்தான் தொடங்கியது. தனக்கும் வந்துவிட்டது என்றே நினைத்திருக்கிறான். ஆனால் செவிலியைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள், பை பாதியில் நின்றுவிடும் என்று பயம். கண்ணை மூடிக்கொண்டு, நாக்கு புரள்கிறதா என்று பார்க்கத் தன் பெயரையும் வீட்டு முகவரியையும் மெல்லச் சொல்லிக்கொண்டே கிடந்திருக்கிறான். எல்லாம் முடிந்து காபி கொடுத்தபோது உதட்டில் சூடு தெரிந்திருக்கிறது. ரயிலைப் பிடித்து ஊருக்குப் போய்விட்டான். நான்காம் நாள் மறுபடி வந்தான். அது என்னவென்று அப்போதும் அவனுக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை, கேட்டால் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்று.

பன்னிரண்டு ஆண்டுகள் நான் நன்றி சொன்னது எதற்கு? ஒரு பைக்கு.

அந்தக் குறளை எடுத்தீர்கள், பதினோராம் அதிகாரத்தையும் எடுத்துப் பாருங்கள். தலைப்பு ‘செய்ந்நன்றி அறிதல்’. அங்கே நன்றி என்றால் பிறர் செய்த நன்மை. ‘தினைத்துணை நன்றி செயினும்’ என்கிறார் வள்ளுவர். நாம் இன்று பேசும் நன்றியைச் செய்ய முடியுமா? சொல்லத்தான் முடியும். பத்துக் குறளில் ஒன்றில்கூட ‘போய் நன்றி சொல்’ என்று இல்லை. மறவாதே என்கிறார், உள்ளத்தில் வைத்திரு என்கிறார், அவர்கள் நட்பைத் துறக்காதே என்கிறார். என்ன செய்தார்கள் என்றே தெரியாதவன் எதை மறக்காமல் வைத்திருப்பான்? தெய்வம் என்று சொல்லிவிட்டால் கேட்க வேண்டியதில்லை. தெய்வத்துக்கு உதடு மரக்காது, விடுப்புக்குச் சம்பளம் பிடிக்க மாட்டார்கள், அடுப்படியில் இடுப்பு வலிக்காது. உங்கள் நண்பர்கள் திட்டுவது அதனால்தான் என்று எனக்குப் படுகிறது. அவர்கள் பட்ட பாட்டை யாரும் கேட்கவில்லை, கும்பிடு மட்டும் வந்து சேர்கிறது.

ஃபோனை வைப்பதற்கு முன் அவன் மனைவி வாங்கிப் பேசினார். “அண்ணா, இது எனக்கே தெரியாது” என்றார். அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நாங்கள் மூவருமாக மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் பேசினோம்.

சாப்பாடு வந்த அந்த வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். நன்றி என்ற சொல்லோடு தொடங்காதீர்கள். வாய்ப்புண் வந்த வாரத்தில் எனக்கு என்ன செய்து அனுப்பினீர்கள் அம்மா, என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்காருங்கள். அவர்கள் வீட்டு டிபன் காரியர் ஏதாவது உங்கள் வீட்டில் தங்கியிருக்கும். கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். வெறும் பாத்திரமாகக் கொடுக்காதீர்கள், ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுங்கள்.