கீபோர்டும் வாசித்து, பாடவும் செய்கிறவருக்கு ராக் இசைக்குழுவில் எதிர்காலம் உண்டா?

உண்டு. ஆனால் பேர் கிடைக்குமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். கல்லூரிக் குழுவில் வாசிப்பவராக இருப்பீர்கள். வீட்டில் வங்கித் தேர்வுக்குப் படி என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அமெரிக்காவில் கிரெக் ரோலி என்று ஒருவர். 'பிளாக் மேஜிக் வுமன்' பாட்டைக் கிட்டார்காரர் கார்லோஸ் சந்தானா பாடியதாகப் பலர் நினைக்கிறார்கள். பாடியது ரோலி, அதில் ஹேமண்ட் ஆர்கன் என்ற கீபோர்டு வாத்தியத்தை வாசித்ததும் அவர்தான். 1969-ல் வுட்ஸ்டாக் இசைவிழா மேடையில் சந்தானா குழுவுக்காகப் பாடியபோது அவருக்கு வயது 22. குழுவுக்குக் கிட்டார்காரர் பேர் என்பதால் குரலும் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டது. அங்கிருந்து விலகி, சியாட்டிலில் அப்பாவோடு உணவகம் நடத்திப் பார்த்தார். பிறகு 1973-ல் கிட்டார்காரர் நீல் ஷோனுடன் சேர்ந்து ஜர்னி என்ற குழு. அதன் முதல் மூன்று ஆல்பங்களில் அவர்தான் முதன்மைப் பாடகர். 1977-ல் பாடகர் ஸ்டீவ் பெர்ரி வந்ததும் பாட்டில் பெரும்பங்கு அவருக்குப் போனது. 1980-ல் ரோலி வெளியேறினார்.

சந்தானாவின் கிட்டாரை நான் குறை சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். பொறாமையும் இல்லை. எனக்கு இது ஏன் உறைக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

காரைக்குடியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பதினொரு வருடம் கீபோர்டு வாசித்தேன். கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீடு. பாடகருக்குத் தொண்டை கட்டிவிட்டது, அன்று இரவு முழுக்க நான்தான் பாடினேன். வாசித்துக்கொண்டே பாடுவது லேசு இல்லை. கட்டையைக் குனிந்து பார்த்தால் வாய் மைக்கை விட்டு விலகிவிடும். பாட்டு வரி முடியும் இடத்தில் மூச்சு வாங்க வேண்டும், அதே நொடியில் வலது கை இடைவெளியை நிரப்ப வேண்டும். பார்க்காமல் வாசிக்க விரல் பழகினால்தான் நடக்கும். கச்சேரி முடிந்ததும் ஓர் ஆச்சி நேரே வந்து, மைக்கில் அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்த குழுத்தலைவரிடம் "நல்லாப் பாடுனீக தம்பி" என்று தாம்பாளத்தில் வேட்டியும் பணமும் வைத்துக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார். பாடியது நான் என்று சொல்லவில்லை. ஆச்சி மேல் தப்பே இல்லை. வளவில் ஒரு தேக்குத் தூணுக்குப் பின்னால் என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

அந்தத் தூணும் இப்போது இல்லை. பர்மாத் தேக்கு. பங்காளிகள் ஒத்துப்போகாமல் வீட்டைப் பிரித்து விற்றுவிட்டார்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைக் கடக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையைக்கூடவா பெயர்த்து விற்பது? கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் இதை எங்கே போய்ச் சொல்வது?

சரி, ரோலி. ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் 1998-ல் சந்தானாவோடும் 2017-ல் ஜர்னியோடும் அவரைச் சேர்த்தார்கள். இரண்டு முறை. 1969-ல் வந்த சந்தானா குழுவின் முதல் ஆல்பத்துக்கும் இந்த இரண்டாவது கௌரவத்துக்கும் நடுவே 48 வருடம்.

நீங்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். கீபோர்டைக் கூட்டத்தைப் பார்க்கத் திருப்பிப் போடச் சொல்லுங்கள், நோட்டீஸில் பேரைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் குழுவை விட்டு வந்தபின் கொப்புடையம்மன் திருவிழாவில் நான் வாசித்த முதல் கச்சேரிக்கு, 'பாட்டு, கீபோர்டு' என்று என் பேரைப் போடச் சொன்னேன். இடம் இல்லை என்றார் அச்சகத்துக்காரர். குழுவின் பேரைச் சின்ன எழுத்தில் போடுங்கள் அண்ணே என்றேன். போட்டார்.