நிலக்கீழ் அறையில் ஈரமும் பூஞ்சணமும்: கேள்வி பதில்

உவர்மலை வாசகி: ஐயா, சரிவில் கட்டிய எங்கள் வீட்டின் கீழறைக்கு மூன்று பக்கமும் மண் அணைந்திருக்கிறது. ஒவ்வொரு மாரியிலும் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்கிறது. நீர்புகாப் பெயின்ட் அடித்தால் தீருமா?

பதில்: தீராது, பிள்ளை. மண்பக்கத்திலிருந்து நீர் தள்ளும்போது உட்புறப் பெயின்ட் கொப்புளித்து உரிந்துவிடும். முதலில் நீர் வரும் வழியைக் கண்டறியுங்கள். ஓரடிச் சதுரப் பிளாஸ்ரிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் இறுக ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையே நனைந்திருந்தால் மண்ணிலிருந்து கசிகிறது. தாளின் வெளிமுகம் நனைந்திருந்தால், அறைக் காற்றிலுள்ள ஈரமே குளிர்ந்த சுவரில் நீராகப் படிகிறது. இந்தச் சோதனையை மாரியில் செய்யுங்கள். கச்சான் வீசும் காலத்தில் காய்ந்து கிடக்கும் சுவர் உண்மை சொல்லாது.

கசிவுதான் என்றால், பெரிய செலவுக்கு முன் கூரைப் பீலியைப் பாருங்கள். பீலிநீர் சுவரடியிலேயே விழுந்தால் அதைக் குழாயால் அப்பால் கொண்டுபோய் விடுங்கள். சுவரை ஒட்டிய நிலம் வெளிப்புறமாகச் சரியட்டும். அதன் பின்னரும் நிற்காவிட்டால், மேட்டுப்பக்கம் அத்திவார மட்டம்வரை தோண்டி, சுவரின் வெளிமுகத்தில் நீர்த்தடைப் பூச்சுப் பூசி, துளைக்குழாயும் சரளைக்கல்லும் இட்டு நீரை வடியவிடவேண்டும். அந்தச் சுவர் மண்ணைத் தாங்கி நிற்பதால், பொறியியலாளர் ஒருவரைக் கேட்காமல் தோண்டத் தொடங்காதீர்கள்.

உப்புவெளி வாசகர்: எங்கள் சுவரில் பூஞ்சணம் வெள்ளை மாவாகப் படிகிறது. மருந்து உண்டா?

பதில்: கொஞ்சம் எடுத்து நீரில் போடுங்கள். கரைந்தால் உப்பு. (உப்புவெளிக்காரருக்கு நான் உப்பைக் காட்டவேண்டியிருக்கிறது!) கழுவாத கடல்மணலில் குழைத்த சாந்தும், நிலத்திலிருந்து ஏறும் ஈரமும் இதைக் கொண்டுவரும். உப்பு காற்றின் ஈரத்தையும் இழுப்பதால் மழையில்லாத நாளிலும் சுவர் நனைந்திருக்கும். தண்ணீரால் கழுவினால் உப்பு மீண்டும் சுவருக்குள் இறங்கிவிடும். உலர்ந்த தூரிகையால் தட்டியெடுங்கள். ஈரம் ஏறும் வழியை அடைத்த பின், உப்பேறிய பூச்சைக் கொத்தி ஆற்றுமணலில் புதிதாகப் பூசுங்கள்.

கிண்ணியா வாசகர்: சேர், பிளீச் ஊற்றினால் போதாதா?

பதில்: தரை ஓட்டுக்குப் போதும். சீமெந்துப் பூச்சில் குளோரின் மேற்பரப்போடு நின்றுவிட, அதிலுள்ள நீர் உள்ளே இறங்கிப் பூஞ்சணத்துக்கே உதவும். என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து சவர்க்கார நீரால் தேய்த்து, முழுமையாகக் காயவையுங்கள். பூஞ்சணம் பிடித்த மெத்தையை எறிந்துவிடுவதே நல்லது. பிளீச்சோடு வினாகிரியையோ மலகூட அமிலத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். எழும் குளோரின் வாயு மூடிய கீழறையில் உயிராபத்தாகும்.

மூதூர் வாசகி: மழைநாளில் யன்னலைத் திறந்து வைக்கலாமா?

பதில்: வேண்டாம், ஈரக்காற்றே உள்ளே வரும். வெயிலும் காற்றும் உள்ள பகலில் திறவுங்கள். அறையின் ஈரப்பதன் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி வையுங்கள்.